கள் அடு மகளிர்: புளிப்புக்கு ஒரு பெண் வரலாறு

பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுக ஊர் வருகிறது. பாணனுக்கு வழி சொல்லும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்த ஊரில் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறார்: கொழுத்த பன்றிக்கறி, அதனோடு கடுப்பேறிய நறவு. அந்தப் பன்றி எப்படி வளர்க்கப்பட்டது என்று விளக்கும்போது சில பெண்கள் தென்படுகிறார்கள். ‘கள் அடு மகளிர்’ என்று புலவர் அவர்களைக் குறிக்கிறார். கள் சமைக்கும் பெண்கள். அவர்கள் கிண்ணங்களைக் கழுவி ஊற்றிய நீர் முற்றத்தில் வழிந்து சேறாகிறது. சேற்றில் பெண்பன்றிகள் புரள்கின்றன. அவற்றோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண்பன்றியின் கறிதான் பாணனுக்கு விருந்து. மூன்று சொல்லில் வந்த அந்தப் பெண்கள் அதோடு காணாமல் போய்விடுகிறார்கள்.

உரை எழுதியவர்களுக்கும் பாடத்திட்டம் வகுத்தவர்களுக்கும் இந்தப் பகுதி ஊரின் வளத்தைச் சொல்வது. பன்றியின் கொழுப்பு வளத்துக்குச் சான்று. பாணனுக்குக் கிடைத்த நறவு வள்ளன்மைக்குச் சான்று. அந்த நறவைச் செய்த கைகளுக்கு ஓர் அறிவு இருந்திருக்க வேண்டும் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டு நான் பார்த்ததில்லை.

‘அடு’ என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று சமைத்தல். மற்றொன்று கொல்லுதல். அடுப்பும் அடுக்களையும் அடிசிலும் ஒரு பக்கம். அடுகளமும் அடுபோரும் அடலும் இன்னொரு பக்கம். போரில் அடுபவன் பாட்டுடைத் தலைவனாகிறான். அவனுக்குப் பெயர், குடி, கொடி, மலை எல்லாம் உண்டு. பானையில் அடுபவளுக்கு வினை மட்டுமே மிஞ்சுகிறது. சங்கப் பாடல்களின் மதுவைப் பற்றி எழுதியவர்கள் பலரும் மன்னன் குடித்ததையும் வீரன் குடித்ததையும் எழுதினார்கள். நான் இங்கே பேச நினைப்பது அந்த வினையைப் பற்றி. புளிக்க வைத்தல் என்ற அறிவு யார் கையில் இருந்தது, எப்போது கைமாறியது, கைமாறியபோது யார் பெயர் எழுதப்பட்டது என்பதைப் பற்றி.

பீப்பாயில் முதிர்ந்த புளிப்பு

இந்தக் கேள்வியை எனக்குள் கிளறிவிட்டது பெல்ஜியத்தில் குடித்த ஒரு கோப்பை பியர். கருத்தரங்கு ஒன்றுக்காகப் போனபோது கென்ட் நகரில் ஈழத்துத் தோழி ஒருத்தியின் வீட்டில் தங்கியிருந்தேன். ‘ரோடன்பாக்’ நிறுவனத்தின் ‘காரக்தேர் ரூஷ்’ என்ற பியரை அவள் ஒயின் குடிக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். பியர் என்றால் கசப்பு என்று மட்டுமே எனக்குத் தெரியும். இது நாவல்பழச் சாற்றின் நிறத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் செர்ரிப் பழ வாசனை. அதற்கு அடியில் மழையில் நனைந்த மரக்கட்டையின் மணம். வாயில் பட்டதும் தாடையோரம் சுண்டியிழுக்கும் புளிப்பு. அது அடங்கும்போதுதான் பழம் தெரிந்தது. கடைசியில் நாவல்பழம் தின்ற நாக்கில் நிற்கும் துவர்ப்பு. கசப்பு கிட்டத்தட்ட இல்லை.

புளிப்பிலும் இரண்டு வகை இருந்தன. ஒன்று மோரின் புளிப்பு. மென்மையானது, நாக்கில் பரவுவது. இன்னொன்று காடியின் புளிப்பு. கூர்மையானது, மூக்குக்கு ஏறுவது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த தோழி, “அக்கா, இது எங்கட வீட்டுப் பழஞ்சோத்துத் தண்ணியின்ர புளிப்பெல்லோ?” என்றாள். சிரித்தோம். ஆனால் அவள் சொன்னது வேதியியல்படி சரி. பழைய சோற்றைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவைதான் அந்தப் பீப்பாயின் மரத்துக்குள்ளும் குடியிருக்கின்றன.

செய்முறை இதுதான். வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி அரைத்து வெந்நீரில் ஊறவைப்பார்கள். முளையில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும். அதன்பின் ஆளுயரத்தைத் தாண்டிய ஓக் மரப் பீப்பாய்களில் இரண்டு ஆண்டுகள்வரை விட்டுவிடுவார்கள். ரூசலாரா நகரிலுள்ள ரோடன்பாக் ஆலையில் அப்படி ஏறக்குறைய 300 பீப்பாய்கள் நிற்கின்றன. மரத்தின் நுண்துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று புகும். நுண்ணுயிர்கள் மெதுவாகப் புளிக்க வைக்கும். நான் குடித்த வகையில், முதிர்ந்த பியரில் செர்ரி, ராஸ்பெர்ரி, கிரான்பெர்ரிப் பழங்களைப் போட்டு மேலும் ஆறு மாதம் ஊறவைக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்னொரு மரபு உண்டு. காய்ச்சிய கூழ்நீரை அகன்ற, ஆழமற்ற தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் இருக்கும் நுண்ணுயிர்களே வந்து வேலையைத் தொடங்குகின்றன. ‘லாம்பிக்’ என்பது அதன் பெயர்.

ரோடன்பாக் சகோதரர்கள் அந்த ஆலையை 1821இல் வாங்கினார்கள். 1836இல் அது பெத்ரோ ரோடன்பாக் கைக்கு முழுமையாக வந்தது. அவர் படைவீரர். ஆலையை நடத்தியவர் அவருடைய மனைவி ரெஜினா வாவுட்டர்ஸ். புட்டியின் மேல் இருப்பதோ கணவர் குடும்பத்தின் பெயர்.

ஐரோப்பாவில் இது தனிக்கதை அல்ல. ஆங்கிலத்தில் பியர் வடிப்பவனுக்கு ‘புரூவர்’ என்றும் வடிப்பவளுக்கு ‘புரூஸ்டர்’ என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. பெண்பாற் சொல் இன்று வெறும் குடும்பப் பெயராக எஞ்சியிருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூலில், 1300க்கும் 1600க்கும் இடையில் இங்கிலாந்தில் இந்தத் தொழில் பெண்கள் கையிலிருந்து எப்படி நழுவியது என்று ஆராய்கிறார். பெண்கள் வீட்டில் வடித்த ‘ஏல்’ சில நாளில் கெட்டுவிடும். ஆகவே அக்கம்பக்கத்தில்தான் விற்க முடியும். ஹாப்ஸ் பூச் சேர்த்த பியர் நாள்பட நின்றது, தூர ஊருக்குப் போனது. அதற்குப் பெரிய பாத்திரமும் முதலும் கடனும் தேவைப்பட்டன. அவை ஆண்களிடம் இருந்தன. ஹாப்ஸின் கெடாமல் காக்கும் குணத்தை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் பிங்கன் ஊர்த் துறவி ஹில்டகார்ட் என்ற பெண். தேவாலயச் சிற்பங்களில் ஏல் விற்கும் பெண்ணைப் பேய்கள் நரகத்துக்கு இழுத்துப் போகின்றன. அவள் அளவைக் குறைத்து ஏமாற்றினாளாம்.

2016இல் பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டுப் பானையில் தொடங்கிய ஒன்று உலக மரபாகிவிட்டது. நம் பானைக்கு என்ன ஆனது என்று அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

பிழா, அடை, மூங்கில்

பெரும்பாணாற்றுப்படையிலேயே வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் ஒரு முழுச் செய்முறை இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். ‘பிழா’ என்னும் அகன்ற வாயுடைய தட்டில் அதை ஊற்றி ஆற்றுகிறார்கள். நல்ல ‘அடை’யைச் சேர்த்துக் கலக்குகிறார்கள். அந்த அடை முளையைக்கொண்டு ஆக்கியது. பார்வைக்குப் புற்றாஞ்சோறு போன்றது. இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பச்சை மணம் போகும்வரை விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கிறார்கள். சுட்ட மீனோடு அது பாணனுக்குக் கிடைக்கிறது.

இதைக் ‘கள்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கள் என்றதும் நம் மனம் பனைமரத்துக்குப் போகிறது. இது மரத்தில் இறக்கியது அல்ல. தானியத்தை முளையின் துணையால் சர்க்கரையாக்கிப் புளிக்க வைத்தது. அதாவது பியர். ஆறவைக்கும் அகன்ற பிழா, சென் பள்ளத்தாக்கின் அகன்ற தொட்டி செய்யும் வேலையைத்தான் செய்கிறது. சூடு ஆறாமல் அடையைச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும். அதிகம் ஆறினால் வேண்டாத பூசணம் பற்றும். எப்போது கலக்க வேண்டும் என்று அறிந்த கை, வெப்பமானி இல்லாமலே அதை அறிந்திருந்தது. பிழிந்த விரல்கள் யாருடையவை என்று அந்தப் பகுதி சொல்லவில்லை. அதே பாட்டு பின்னால் கள் அடு மகளிரைக் காட்டுகிறது.

முதிரவைக்கும் கலையும் இருந்தது. ஓக் பீப்பாய்க்குப் பதில் நம் மலையில் மூங்கில். ஆய் அண்டிரனின் மலையைப் பாடும் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வளைந்த மூங்கிலில் முதிர்ந்த தேறலைக் குடித்துக் குறவர் முற்றத்தில் குரவை ஆடுவதைப் புறநானூற்றில் சொல்கிறார். சாடியை மண்ணில் புதைத்து முதிரவைத்ததாகவும் புறநானூறு சொல்கிறது.

பழமும் இருந்தது. அகநானூற்றின் இரண்டாம் பாட்டில் கபிலர் ஒரு மலைச்சுனையைக் காட்டுகிறார். பழுத்த வாழைப்பழமும் பலாச்சுளையும் பாறைச் சுனையில் விழுந்து ஊறி, தானாகவே தேறலாகிவிடுகின்றன. நீர் என்று நினைத்துக் குடித்த கடுவன் மரமேற முடியாமல் பூக்களின் மேல் படுத்துத் தூங்குகிறது. யாரும் ஈஸ்ட் போடவில்லை. தோலில் இருந்த நுண்ணுயிரும் காற்றும் பாறைக்குழியும் சேர்ந்து செய்த பழத் தேறல் அது. கடுவனுக்கு அது தற்செயல். அந்தத் தற்செயலைக் கவனித்து, மறுபடி நிகழவைக்க முடியும் என்று கண்டுபிடித்த மனிதருக்கு அது அறிவியல்.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. எயிற்பட்டினத்தில் நுளையர் குலப் பெண் அரித்த, பழமையேறிய தேறலைப் பரதவர் பாணனுக்குக் குடிக்கத் தருகிறார்கள். வடித்தவள் பெண், வழங்குபவர் ஆண். நன்றியும் பாட்டும் வழங்கியவருக்குப் போகின்றன. ‘அரியல் பெண்டிர்’ என்ற சொல் அகநானூற்றில் இருக்கிறது. வடித்த கள்ளை விற்ற பெண்களைக் குறிக்கும் சொல். ஆக, செய்தவள், வடித்தவள், விற்றவள் என்று மூன்று நிலையிலும் பெண் இருந்தாள். குடித்தவளும் இருந்தாள். சிறிதளவு கள் கிடைத்தால் தனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தன்னைப் பாடவைத்துத் தானும் குடிப்பான் என்று அதியமானுக்காக அழுத ஔவை நம்முடைய முதல் பெரும் பெண் குரல்களில் ஒருத்தி. பிற்காலம் அவளைக் கோலூன்றிய கிழவியாக்கிக் குழந்தைகளுக்கு நீதி சொல்ல வைத்தது. பல காலத்து ஔவைகளை ஒன்றாக்கிய நம் நினைவு, கள் குடித்த ஔவையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டது. கவிதை எழுதும் பெண்ணாக எனக்கு அந்த ஒதுக்கல் இன்றும் உறுத்துகிறது.

கல்லுக்குப் பெயர், பானைக்கு?

வீரபாண்டியிலிருந்து வடகிழக்கே, வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை இருக்கிறது. 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறித்துவுக்கு முற்பட்டவை என்று கணிக்கப்படும் அவை இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்களில் வைத்து எண்ணப்படுகின்றன. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் கல். அந்தக் கூடலூர் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்று கருதுவோர் உண்டு. மாடு கவரப் போய்ச் செத்த ஒருவனின் பெயர் ஈராயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

இத்தகைய நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, துடியடித்து, ‘தோப்பி’க் கள்ளும் செம்மறிக் கிடாயும் படைத்ததை அகநானூறு சொல்கிறது. தோப்பி என்பது நெல்லில் வடித்த கள். பெரும்பாணாற்றுப்படை அதை ‘இல் அடு கள்’ என்று தெளிவாகக் குறிக்கிறது. வீட்டில் சமைத்த கள். கல்லின் முன் ஊற்றிய அந்தக் கலயத்துக்காக யாரோ ஒருத்தி இரண்டு நாள் முன்பே அரிசியைத் துழாவியிருக்க வேண்டும். அவள் செத்தவனின் மனைவியாகவும் இருந்திருக்கலாம். அவனுக்குக் கல் எழுந்தது. அவள் பானை உடைந்து ஓடாகி மண்ணோடு போனது. தொல்லியல் நமக்கு ஓட்டையும் தருகிறது, கல்லையும் தருகிறது. வாசிப்பது நாம்தான்.

கைமாறிய கதை

பின்வந்த அறநூல்கள் கள்ளை விலக்கின. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ஒரு தாய் வருகிறாள். பெற்றவள் முன்னாலேயே குடித்து மயங்குவது கொடியது என்றால், சான்றோர் முன் எப்படி என்று குறள் கேட்கிறது. இங்கே பெண் முகம் சுளிப்பவள். அடுபவளோ அரிப்பவளோ அல்ல. மதுவின் வரலாற்றில் தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைத்த புதிய இடம் அது. அந்த இடத்திலேயே அவள் நெடுங்காலம் நிறுத்தப்பட்டாள்.

வீட்டுப் பானைக்குச் சட்டம் வந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1886இன் மதராஸ் ஆப்காரிச் சட்டம் மதுவைக் காய்ச்சுவதையும் விற்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலம் எடுக்கப் பணமும் பிணையும் செல்வாக்கும் வேண்டும். இங்கிலாந்தின் புரூஸ்டரைத் தள்ளிவிட்ட அதே கூட்டணி இங்கே அரசாணை வடிவில் வந்தது. நேற்றுவரை அடுக்களை வேலையாக இருந்தது இன்று குற்றம் ஆனது.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். பெண்கள் வெளியில் வந்து அரசியல் செய்த அந்த மறியல் நம் பெண் வரலாற்றின் பெருமைமிக்க பக்கம். 1937இல் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. இன்று ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அதில் வருவாய். உள்ளூர் நுண்ணுயிரால் புளித்த, சாராயம் குறைந்த பானம் சட்டவிரோதம். ஆலையில் வடித்த எரிசாராயத்துக்கு நிறம் சேர்த்து விற்பது அரசுத் தொழில்.

1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு மறுஆண்டே ஆந்திர அரசைச் சாராயத்துக்குத் தடைவிதிக்க வைத்தது. எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்த பெண்கள் நடத்திய போராட்டம் அது.

இங்கே ஒரு தோழி என்னை இடைமறிப்பாள் என்று தெரியும். குடியால் தாலியறுத்த பெண்கள் தெருவுக்கு நான்குபேர் இருக்கும்போது மதுவின் மகிமை பேசலாமா என்று கேட்பாள். என் பெரியம்மா அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி. பெரியப்பா கூலியைக் கடையில் கொடுத்துவிட்டு வரும் இரவுகளில் அவள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து படுப்பாள். அவளை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவளைச் சீரழித்த திரவத்தை எந்தப் பெண்ணும் அடவில்லை. அதன் விலையை, அளவை, நேரத்தை, இடத்தை எந்தப் பெண்ணும் தீர்மானிக்கவில்லை. மறியல் செய்யும் பெண்ணையும் அடி வாங்கும் பெண்ணையும் வரலாறு ஏற்றுக்கொண்டது. அறிந்த பெண்ணை மட்டும் அது ஏற்கவில்லை. நான் கேட்பது அவளுக்கான இடத்தை.

சுண்ணாம்பும் கூழும்

அடுக்களையில் அந்த அறிவு சாகவில்லை. சாராயம் இல்லாத பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. பனைத் தொழிலைப் பாருங்கள். மரமேறுபவர் ஆண். இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குபவர் பெண். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு எழும்பாது, பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். காரத்தன்மை நுண்ணுயிரைத் தடுக்கிறது என்பது அறிவியல் சொல்லும் காரணம். சுண்ணாம்பு கூடினால் பதநீர் கடுக்கும், கருப்பட்டி கெடும். அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. காய்ச்சுகிறவளின் நாக்கில் இருக்கிறது.

வீரபாண்டியில் என் அப்பத்தா கேழ்வரகுக் கூழுக்கு மாவைக் கரைத்து வைக்கும் மண்பானையை யாரையும் தொடவிடமாட்டாள். கழுவும்போது உட்புறத்தைத் தேய்க்கவும் விடமாட்டாள். “உள்ள இருக்குறது போயிரும்த்தா” என்பாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்று எனக்குத் தெரியும்: ஓக் மரத்தின் துளைகளில் போலவே மண்பானையின் துளைகளிலும் முந்தைய புளிப்பின் நுண்ணுயிர்கள் தங்கியிருக்கின்றன. பெல்ஜியத்துக்காரர்கள் பழைய பீப்பாயை எறியாமல் காப்பதும் இதற்காகத்தான். சித்திரை வெயிலில் ஓர் இரவு போதும், மார்கழியில் இரண்டு இரவு வேண்டும் என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். காது கொடுத்துக் கேட்டு, குமிழி உடையும் சத்தத்தை வைத்துப் பதம் சொல்வாள். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாவ்சன் என்பவர் 1904இல் பீப்பாயில் வாழும் காட்டு ஈஸ்ட் ஒன்றைக் கண்டு ‘பிரெட்டனோமைசிஸ்’ என்று பெயர் சூட்டினார். அதற்குப் பதிவு இருக்கிறது. அப்பத்தாவின் கணக்குக்கு இல்லை.

சித்திரையில் எங்கள் ஊர்க் கௌமாரியம்மன் திருவிழா. முல்லையாற்றில் குளித்து ஈரப் புடவையோடு பெண்கள் தீச்சட்டி எடுக்கிறார்கள், ஆயிரங்கண் பானை சுமக்கிறார்கள். வழியெங்கும் கூழும் மோரும் நீராகாரமும் ஊற்றுகிறார்கள். நெருப்பும் பானையும் புளிப்பும் பெண் கையில் பொதுவெளிக்கு வரும் சில நாள்கள் அவை. அம்மனுக்கு என்பதால் அதற்கு அனுமதி. அதே பெண் அதே பானையோடு கடைத்தெருவில் உட்கார்ந்தால் நடைபாதைக் கூழ் வியாபாரி. கையூட்டுக் கேட்பவர்களுக்குப் பயந்து பானையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவள்.

சென்ற ஆண்டு முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். உங்கள் வீட்டில் எதைப் புளிக்க வைக்கிறார்கள், யார், எப்படி என்று எழுதுங்கள். செய்பவரின் முழுப் பெயரோடு எழுதுங்கள் என்றேன். இட்லி மாவு, கம்மங்கூழ், ஊறுகாய், அரிசி கழுவிய நீரைச் சேர்த்து வைக்கும் கழுநீர்ப் பானை, கன்றீன்ற மாட்டுக்குக் கொடுக்கும் புளித்த கஞ்சி என்று முப்பதுக்கும் மேற்பட்ட முறைகள் வந்தன. பாதிப் பேருக்குத் தங்கள் பாட்டியின் முழுப் பெயர் தெரிந்திருக்கவில்லை. குடும்ப அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த பானை

இந்தியாவின் வடகிழக்கில் வேறொரு வழி தெரிகிறது. நாகாலாந்தின் அங்காமி மக்களின் ‘சுதோ’ முளைகட்டிய அரிசியால் வடிப்பது. பெரும்பாணாற்றுப்படையின் அடைக்கு உயிருள்ள உறவு. அசாமின் திமாசா மக்கள் வடிக்கும் ‘ஜூதிமா’ என்ற அரிசி ஒயினுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வடிப்பவர்கள் பெண்கள். ஒரு காட்டுக்கொடியின் பட்டையை அரிசியோடு இடித்து நொதி வில்லை செய்யும் அறிவும் அவர்களுடையது. சடங்கிலும் சந்தையிலும் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். அங்கும் குடியும் வன்முறையும் உண்டு. ஆனால் செய்பவள் மறைக்கப்படவில்லை.

நம் பள்ளத்தாக்குக்கும் ஒரு குறியீடு வந்திருக்கிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் என்பது இந்த மண்ணின் சிறப்பு. ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சாறும் உலர்பழமும் ஒயினும் செய்ய ஏற்ற பழம் என்று பேசுகிறார்கள். பந்தலுக்குக் கீழே குனிந்து கொத்து வெட்டுபவர்களும், அழுகல் பழத்தைக் கத்தரித்து எடுப்பவர்களும், பெட்டியில் அடுக்குபவர்களும் பெரும்பாலும் பெண்கள். கவாத்துக்குப் போகும் ஆணுக்கு ஒரு கூலி, இவர்களுக்கு வேறு கூலி. எந்தக் கொத்து பெட்டிக்கு நிற்கும், எது இரண்டு நாளில் புளித்துவிடும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். புளிக்கப்போகும் பழத்தின் மணம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். எந்த ஒயினுக்கும் முதல் பாடம் அது.

நாளைக்கு இந்தப் பழத்தை மரத்தில் முதிரவைத்து ஒரு பானம் இங்கே பிறக்கலாம். அதற்கு ஆலை, உரிமம், முதலீடு எல்லாம் வரும். சுவைப்பதற்குக் கிண்ணம் பிடிக்கும் நிபுணர் வருவார். நாவல்பழ மணம், மண்பானை மணம் என்று வருணிப்பார். அந்த மணங்களைப் பெயர் சொல்லிப் பிரித்தறிய அவருக்கு முன்பே தெரிந்தவர்கள் இப்போது ஓடைப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தலடியில் நிற்கிறார்கள். ஒரு கிலோ பழத்துக்கு என்ன விலை என்று பேசும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சியில் பாதி இடம் வேண்டும். வடிக்கும் உரிமம் வழங்கும் நாள் வந்தால், முதல் விண்ணப்பப் படிவம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.